பொருந்துவது வேறு, பொருத்தம் வேறு!

சின்னக் காருக்கு அகல டயர் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேருகிற இடம் டயர் கடையாகத்தான் இருக்கும். மோட்டார் தொழிலில் ஊறிய ஊர். கரிவரதன் பெயரால் பந்தய மைதானமே அமைந்திருக்கும் ஊர். அங்கே பையன்கள் மீசை அரும்புவதற்கு முன்பே என்ஜினைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட கடை ஒன்றில் ஒரு காட்சி. இருபத்தைந்து வயது வாலிபர் ஒருவர் போலோ ஜி.டி. காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பழைய கார்தான், கைமாறி வந்தது. ஆனால் சலவைக்குப் போய் வந்த சட்டையைப் போலப் பளபளக்கிறது. கூடவே தகப்பனாரும் வந்திருக்கிறார். பணம் கொடுக்கப் போகிறவர் அவர்தான்.

"அண்ணா, இருக்கறதுலயே அகலமான டயரா நாலு போடுங்க. ரிம் இதே இருக்கட்டும்" என்கிறார் பையன்.

"205 போட்டுரலாம் தம்பி. தாராளமா உக்காரும்" என்கிறார் கடைக்காரர்.

தகப்பனார் மெல்லக் கேட்கிறார்: "ஏனுங்க, அகலமாப் போட்டா நல்லதுன்னு வண்டி செஞ்சவனுக்குத் தெரியாதுங்களா?"

பையன் சிரிக்கிறார், கடைக்காரரும் சிரிக்கிறார். ஆனால் அந்தக் காலை வேளையில் அந்தக் கடையில் கேட்கப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான கேள்வி அதுதான். அதற்குப் பதில் தெரிந்துகொள்ளாமல் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டுவது விவேகம் ஆகாது.

ஆசையில் தவறில்லை

முதலில் வாலிபரின் கட்சியைக் கேட்போம். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ என்ஜின், 105 குதிரை சக்தி, ஏழு கியர், அவற்றைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. சுமார் 1,100 கிலோ எடையுள்ள சிறு காருக்கு இது தாராளமான பலம். ஆனால் கம்பெனி அதற்குக் கொடுத்த டயரோ 185 மில்லிமீட்டர் அகலந்தான். 'பயில்வானுக்குப் பள்ளிப் பிள்ளையின் செருப்பா?' என்று இளைஞர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கார் கம்பெனிக்காரர்கள் டயரைத் தேர்ந்தெடுக்கும்போது சாலைப் பிடிப்பு ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை. விலை, பெட்ரோல் செலவு, தேய்மானம், சத்தம், மேடு பள்ளத்தில் சொகுசு என்று பலவற்றையும் தராசில் போட்டுப் பார்க்கிறார்கள். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர், 'எனக்குப் பிடிப்புக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் போனால் போகட்டும்' என்று சொன்னால், அது அவர் உரிமை. நமது ஊர் வேகத்தடைகளின் மேல் காரின் வயிறு உரசுகிறதே என்று சற்று உயரமான டயர் தேடுகிறவர்களும் உண்டு. அதுவும் நியாயமான தேவையே.

ஆகவே ஆசையில் தவறில்லை. 'எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது' என்ற எண்ணத்தில்தான் தவறு இருக்கிறது.

டயரின் ஜாதகம்

ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் அதன் ஜாதகம் எழுதியிருக்கிறது. 185/60 ஆர்15 84 ஹெச் என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றது.

இதை வைத்துப் பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேற்படி டயரின் முழு விட்டம் 603 மில்லிமீட்டர். அதை விட்டு 195/60 போட்டால் விட்டம் 615 ஆகும். இரண்டு சதவீதம் அதிகம். 205/60 போட்டால் 627. நான்கு சதவீதம் அதிகம்.

நான்கு சதவீதந்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. வேகமானி சக்கரத்தின் சுற்றை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. சக்கரம் பெரிதானது அதற்குத் தெரியாது. முன்பு எந்த வேகத்தில் 100 என்று காட்டியதோ, அதைவிட நான்கு சதவீதம் கூடுதலான வேகத்தில் இப்போது 100 என்று காட்டும். கிலோமீட்டர்க் கணக்கும் அப்படியே. 10,400 ஓடியதை 10,000 என்று சொல்லும்.

அது போகட்டும். சக்கரம் பெரிதாகப் பெரிதாக என்ஜினின் இழுப்புத் தரையில் குறைந்துகொண்டே வரும். நான்கு சதவீதம் பெரிய சக்கரம் என்றால் ஒவ்வொரு கியரிலும் நான்கு சதவீத இழுப்புக் குறைவு. டயரின் கூடுதல் எடையும் இதனோடு சேருகிறது. பாய்ந்து செல்ல வேண்டும் என்று வாங்கிய காருக்கு, வாங்கியவரே காலில் கல்லைக் கட்டிவிடுகிறார்! இதற்குப் பிரதியாகக் கிடைப்பது என்ன? தரைக்கும் வண்டிக்கும் நடுவே 12 மில்லிமீட்டர் உயரம். ஒரு விரற்கடை கூட முழுதாக இல்லை.

ரிம் என்கிற இடுப்பு

இனி அகலத்துக்கு வருவோம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரை அகலமுள்ள ரிம்மில்தான் மாட்டலாம் என்று டயர்த் தொழிலில் வரையறை உண்டு. 185/60 ஆர்15-க்கு 5 முதல் 6½ அங்குலம் வரை. 195/60-க்கு 5½ முதல் 7 வரை. 205/60-க்கு 5½ முதல் 7½ வரை. போலோ ஜி.டி.யின் அலாய் வீல் 6 அங்குல அகலம். ஆக, 195 டயருக்கு அது சுகமான இடம். 205-க்கோ கீழ் எல்லையை ஒட்டிய இடம். கடைக்காரர் 'உக்காரும்' என்று சொன்னது பொய்யல்ல. உட்காரத்தான் செய்யும். ஆனால் பொருந்துவது வேறு. பொருத்தம் என்பது வேறு.

குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் என்ன நடக்கிறது? டயரின் இரண்டு விளிம்புகளும் நெருக்கிப் பிடிக்கப்படுகின்றன. பக்கச் சுவர்கள் வெளியே பிதுங்குகின்றன. தரையைத் தொடும் முகம் தட்டையாக இராமல் நடுவில் சற்றே எழும்புகிறது. நடுப்பட்டன் சீக்கிரம் தேய்கிறது. இதைவிட முக்கியமானது, வளைவில் திரும்பும்போது நேர்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ரிம் உடனே திரும்புகிறது. பிதுங்கிய பக்கச் சுவரோ முதலில் நெளிந்து, பிறகுதான் தரையைப் பிடித்துத் திரும்புகிறது. கை சொன்னதற்கும் கார் செய்வதற்கும் நடுவே ஒரு கணத் தயக்கம். கூர்மையான கையாளுதலுக்குப் பெயர் பெற்ற காரை, அதே கூர்மைக்காகச் செலவு செய்து மழுங்கடிக்கிறோம்.

'பந்தயக் கார்களில் அத்தனை அகல டயர் போடுகிறார்களே?' என்று கேட்கலாம். போடுகிறார்கள், ரிம்மையும் அகலமாகவே போடுகிறார்கள். அதன் ரப்பர் மென்மையானது. சூடேறினால்தான் பிசினைப் போல் ஒட்டும். அந்தச் சூட்டையும் சுமையையும் பரப்பிக்கொள்ள அகலம் தேவைப்படுகிறது. மழை வந்துவிட்டால் பந்தயக்காரர்களே அந்த டயரைக் கழற்றி எறிந்துவிட்டு, நீரை வெளியேற்றும் காடிகள் வெட்டிய வேறு டயரை மாட்டிக்கொள்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிறவருக்குப் பாதி வழியில் டயர் மாற்றித் தர யார் காத்திருக்கிறார்கள்?

கையளவு தரை

ஓடும் காரைப் பூமியோடு பிணைத்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய இடம் தெரியுமா? ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். டயரில் 32 பவுண்டு காற்று. அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2¼ கிலோ. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 133 சதுர சென்டிமீட்டர் வருகிறது. விரல்களைச் சேர்த்துக் கையை மேசைமேல் வைத்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. நான்கு கையளவுதான் நமக்கும் விபத்துக்கும் நடுவே நிற்கிறது.

பாரமும் காற்றும் மாறாதிருந்தால், அகல டயர் போட்டாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவந்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. உலர்ந்த சாலையில் வளைவுகளில் இந்த வடிவம் நன்மை செய்யும் என்பது உண்மையே. ஆனால் சாலை எப்போதும் உலர்ந்திருப்பதில்லையே!

மழை வந்தால்

சாலையில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். தரையில் 15 சென்டிமீட்டர் அகலம் படிகிற ஒரு டயர், ஒவ்வொரு விநாடியும் 10 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். விநாடிக்கு ஒரு வாளி! அகலம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வேலை கூடும். அந்த வேலையைச் செய்து முடிக்கக் கிடைக்கும் நீளமோ குறைந்துவிட்டது. தண்ணீரைத் தள்ள முடியாத நிலை வந்ததும் டயர் அதன் மேல் படகைப் போல மிதக்கிறது. பிறகு ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. பிரேக்கை மிதித்தும் பயனில்லை.

விமானச் சக்கரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்த அமெரிக்காவின் நாசா நிபுணர்கள், 1963-இல் ஓர் எளிய சூத்திரத்தை வெளியிட்டார்கள். மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். அந்தக் கணக்குப்படி 32 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். காற்று 24-க்கு இறங்கிவிட்டாலோ 82-இலேயே மிதக்கும். காருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பட்டனின் ஆழமும் டயரின் அகலமும் அதைக் கூட்டும், குறைக்கும். ஆனால் பாடம் ஒன்றுதான். அகல டயர் போட்டுவிட்டு, 'சொகுசாக இருக்கட்டும்' என்று காற்றையும் குறைத்து வைத்துக்கொள்கிறவர், ஐப்பசி மழையில் இரண்டு பக்கமும் ஆபத்தை அழைத்து உட்கார வைக்கிறார். பின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும் தாயாருக்கும் குழந்தைக்கும் இந்தச் சூத்திரமெல்லாம் தெரியாது. அவர்கள் ஓட்டுகிறவரை நம்பி ஏறியிருக்கிறார்கள்.

வாமனன் வென்ற கதை

அகலந்தான் வெற்றி என்று நினைப்பவர்கள் ஒரு பழைய கதையை அறிந்திருக்க வேண்டும். 1959-இல் இங்கிலாந்தில் மினி என்றொரு குட்டிக் கார் வந்தது. அதன் சக்கரம் 10 அங்குலம். ஸ்கூட்டர் சக்கரத்தின் அளவு. முதலில் வந்த ரிம்மின் அகலம் 3½ அங்குலமே. அந்தக் காருக்கு ஜான் கூப்பர் என்ற பந்தயக் கார் நிபுணர் பலம் ஏற்றிக் கொடுத்தார். அந்த வாமனக் கார் 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மாண்டி கார்லோ ராலியில் தன்னைவிடப் பெரிய கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிப் பரிசைத் தட்டிச் சென்றது. 1966-இலும் முதலாவதாகத்தான் வந்தது. முன்விளக்கு விதியைக் காட்டி விலக்கிவிட்டார்கள்.

குறைந்த எடை, முன்சக்கர இழுப்பு, மூலைக்கொன்றாக அமைந்த சக்கரங்கள், அவற்றுக்கு அளவான டயர். இவை ஒன்றோடொன்று இணங்கி நின்றதே அதன் பலம். சின்னக் காரின் அழகு அதன் சமநிலையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் பிடித்து வளர்த்தால் மற்றவை முரண்டு பிடிக்கும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

கம்பெனியார் காட்டும் வழி

தகப்பனாரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். வண்டி செய்தவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவர் அகல டயர் கொடுக்கும்போது அதை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை.

நம் ஊர்த் தெருக்களில் எங்கும் காணப்படும் மாருதி ஸ்விஃப்டைப் பாருங்கள். 2011-இல் வந்த மாதிரியில் விலை குறைந்த வகைகளுக்கு 165/80 ஆர்14 டயர். விலை உயர்ந்த வகைக்கு 185/65 ஆர்15. டயர் அகலமானபோது ரிம்மும் ஓர் அங்குலம் பெரிதாயிற்று. பக்கச் சுவர் குட்டையாயிற்று. முழு விட்டத்தைக் கணக்குப் போட்டால் முன்னது சுமார் 620 மில்லிமீட்டர், பின்னது சுமார் 622. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்! வேகமானியும் கியரும் இந்த மாற்றத்தை உணரவே உணராது. டயரை அகலப்படுத்தும் கலை இதுதான். ரிம்மைத் தொடாமல் டயரை மட்டும் ஊத வைப்பது கலையல்ல.

ரிம்மை மாற்றச் சக்தி இல்லாதவர் என்ன செய்வது? ஒரு படி மேலே போகலாம். அதற்கு மேல் வேண்டாம். வரையறுத்த ரிம் அகலத்துக்குள் இருக்க வேண்டும். விட்டத்தின் வித்தியாசம் இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாரம் தாங்கும் எண்ணும் வேக எழுத்தும் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு வேண்டும். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், அது பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்ச் சேருவதற்கு மட்டுமே என்று நினைவிருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போலோ உற்பத்தி இந்தியாவில் 2022-இல் நின்றுவிட்டது. இன்று கைமாறி வரும் கார்களில் பலவற்றுக்குக் குறை டயரின் அகலத்தில் அல்ல, டயரின் வயதில்தான் இருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் பிறந்தது என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகிப் போயிருக்கும். அந்தக் கட்டைக் கால்களோடு ஓட்டிவிட்டு, 'இந்தக் காருக்குப் பிடிப்பே இல்லை' என்று தூற்றுவது தர்மமா? அதே 185 அளவில் நல்ல ரப்பரில் புதிய டயர் நான்கு மாட்டி, அலைன்மென்ட் பார்த்து, கம்பெனி சொன்ன காற்றை வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். பாதிப் பேருக்கு அகல டயர் ஆசையே விட்டுப் போகும்!

யார் பொறுப்பு?

சட்டமும் இதில் இருக்கிறது. பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்திற்று. கார் உபயோகிப்போர் கையேட்டில் அந்த மாதிரிக்குச் சொல்லப்பட்ட அளவுகளுக்குள் நின்றால் போலீசாருக்கோ இன்ஷூரன்ஸ்காரருக்கோ பதில் சொல்ல வேண்டிய தொல்லை இராது. அதை மீறிப் போகிறவர், விபத்து நேர்ந்த பிறகு வாதாடுவதைவிட, வாங்குவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல்.

ஆனால் சட்டத்தைவிடப் பெரிய காவலாளி ஒருவர் இருக்கிறார். அவர்தான் கடைக்காரர். கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டால் மருந்துக் கடை எப்படி மருந்துக் கடையாகும்? அதுபோல, 'இது உங்கள் ரிம்முக்கு வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவரே டயர் வியாபாரி. மற்றவர் வெறும் ரப்பர் விற்பவர். ஒரு விற்பனையை இழந்தாலும் ஒரு வாடிக்கைக்காரரை ஆயுள் முழுவதும் பெற்றுவிடலாம். டயர் விற்கும் ஒவ்வொரு கடையிலும் எந்த அளவுக்கு எந்த ரிம் என்ற அட்டவணையைச் சுவரில் தொங்கவிட வேண்டும். சாமி படத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லாமலா போய்விடும்?

கோயமுத்தூர்க் கடைக்குத் திரும்புவோம். சிரித்து முடித்த கடைக்காரர், தகப்பனாரின் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு டேப்பைக் கொண்டுவந்து சக்கரத்துக்கும் உள் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தார். சிறிது நேரம் பேசவில்லை.

"205 வேண்டாம் தம்பி. 195 போடறேன். நல்ல ரப்பரா போடறேன். மழைக்காலம் வருதில்ல?" என்றார்.

பையனின் முகம் வாடிற்று. தகப்பனார் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பத்து மில்லிமீட்டர் குறைந்ததால் கார் ஒன்றும் சிறுத்துப் போய்விடவில்லை. வீடு திரும்பும் வழியில் வளைவில் திருப்பிப் பார்த்தால், கை சொன்னதைக் கார் கேட்கிறதா என்று பையனுக்கே தெரிந்துவிடும்.